டவுன் ஸ்டேஷனா, ஆயுதப்படையா, ஆவடியா?

அக்கா மகன் மாவட்ட ஆயுதப்படையில் (ஏ.ஆர்.) இரண்டாம் நிலைக் காவலர். நாலு வருடம் முடித்துவிட்டான். சட்டம் ஒழுங்குக்கு, அதாவது ஸ்டேஷன் வேலைக்குப் போக விருப்பம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று போன வாரம் ரோல் காலில் வாசித்திருக்கிறார்கள். அன்று ராத்திரியே போன். "மாமா, டவுன் ஸ்டேஷன் கேக்கவா? ஏ.ஆர்.லயே இருந்துரவா? அவ வேற ஆவடிப் பக்கம் வந்துருங்கறா." 'அவ' என்பது நிச்சயம் செய்திருக்கும் பெண். அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ்.

நான் 1986-ல் சேர்ந்து 2024-ல் எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஓய்வு பெற்றவன். சிறப்புக் காவல்படை பட்டாலியனில் ஆறு வருடம், ஏ.ஆர்.ல் நாலு வருடம், நடுவில் ஒன்றரை வருடம் சென்னைக்கு ஓ.டி., அதாவது அயல்பணி. மீதியெல்லாம் தெற்கே ஒரே மாவட்டம். ஒரு சின்ன நகரமும் அதைச் சுற்றிய ஸ்டேஷன்களும். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு காவலர் குடியிருப்பு லைனில் உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

முதலில் சம்பளத்தை ஓரமாக வைத்துவிடலாம். இரண்டாம் நிலைக் காவலருக்கு 18,200 – 67,100 என்கிற ஊதிய விகிதம் ஆவடியிலும் அதேதான், உங்கள் ஊரிலும் அதேதான். ஆவடியில் வீட்டு வாடகைப்படி கொஞ்சம் கூட வரும். அதை வீட்டுக்காரர் முதல் தேதியே வாங்கிக்கொள்வார். லைன் வீடு கிடைத்தால் அந்தப் படியும் கிடையாது. 'அங்கே போனால் நாலு காசு பார்க்கலாம்' என்று எவனாவது சொன்னால், அவன் சொல்வது சம்பளத்தை இல்லை. அந்தப் பேச்சுக்கு நான் வரவில்லை.

பட்டாலியன் உனக்கு முடிந்து போன கதை. ஆனால் இப்போது தேர்வாகி வரும் பையன்கள் கேட்பதால் ஒரு வார்த்தை. ஆவடி, மணிமுத்தாறு, பழனி, இராஜபாளையம், உளுந்தூர்பேட்டை என்று சிறப்புக் காவல்படை அணிகள் இருக்கின்றன. டெல்லியில் திகார் சிறைக்குக் காவலாக ஓர் அணியே இருக்கிறது. கம்பெனியோடு போவாய், கம்பெனியோடு வருவாய். வேறு மாநிலத்துத் தேர்தல் என்றால் ரயிலில் மூன்று நாள். கல்யாணம் ஆகாதவரை அது நல்ல வாழ்க்கை, உடம்பு கல்லாக இருக்கும். ஆனால் ஆறு வருடத்தில் நான் ஒரு மனுவைக்கூட வாங்கிப் படித்ததில்லை. போலீஸ் சட்டை போட்டிருந்தேன், போலீஸ் வேலை தெரியாது.

ஆயுதப்படைக்கு வருவோம். ஏ.ஆர்.ஐக் குறைத்துப் பேசுவது நம் டிபார்ட்மெண்டில் ஒரு பழக்கம். ஸ்டேஷனில் ஏதாவது தப்பு நடந்தால் மறுநாள் பேப்பரில் 'ஆயுதப்படைக்கு மாற்றம்' என்று வரும்; அதனால் அது ஏதோ தண்டனைக் கூடம் என்று ஜனங்களும் நினைக்கிறார்கள். ஒழுங்காக இருப்பவனுக்கு அது அப்படி இல்லை. காலையில் பரேடு, வாராந்திரக் கவாத்து, கருவூலத்திலோ கலெக்டர் பங்களாவிலோ கார்டு, சிறையிலிருந்து கோர்ட்டுக்கு வழிக்காவல், திருவிழா பந்தோபஸ்து. கைதி தப்பித்தால் வேலை போகும் என்கிற பயம் ஒன்றைத் தவிர, டூட்டி முடிந்தால் முடிந்தது. வீட்டுக்கு வந்தபின் யாரும் கூப்பிட்டு "அந்த மனு என்னாச்சு?" என்று கேட்க மாட்டார்கள்.

அந்த மிச்ச நேரம்தான் ஏ.ஆர்.ன் சொத்து. நேரடி எஸ்.ஐ. தேர்வில் 20 சதவீத இடம் டிபார்ட்மெண்ட் ஆட்களுக்கு. எஸ்.ஐ. ஊதிய விகிதம் 36,900-ல் ஆரம்பிக்கிறது, உன் ஆரம்பச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. படிக்காமல் வரிசையில் நின்று வந்தால் என்ன ஆகும்? என் காலத்தில் 10 வருடத்தில் கிரேடு ஒன்று (முதல் நிலைக் காவலர்), அப்புறம் ஏட்டு, 25 வருடத்தில் எஸ்.எஸ்.ஐ. இதுதான் நான் ஏறி வந்த படி. தோளில் அந்த நட்சத்திரம் ஏறியபோது எனக்கு சுகர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என்கூட கார்டு டூட்டி பார்த்த ஒருவன், ராத்திரி ரைபிளைச் சாத்திவைத்துவிட்டு லைட்டுக் கம்பத்தடியில் சட்டப் புத்தகம் படிப்பான். நாங்கள் 'கலெக்டர்' என்று கேலி செய்வோம். பின்னாளில் டி.எஸ்.பி.யாக அதே மாவட்டத்துக்கு வந்தான். நான் எழுந்து நின்று சல்யூட் அடித்தேன், அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். ஸ்டேஷனில் இருந்துகொண்டு தேர்வு எழுதி ஜெயித்தவர்களும் உண்டு. அவர்கள் தூங்காதவர்கள்.

ஆனால் ஏ.ஆர்.லேயே ஊறிவிடக் கூடாது. எட்டு, பத்து வருடம் கழித்து ஸ்டேஷனுக்கு வருபவனைப் பார்த்திருக்கிறேன். கிரேடு ஒன்று ஆகியிருப்பான், சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) போடத் தெரியாது. நேற்று வந்த பெண் காவலர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். கூச்சத்தில் பாராவிலேயே, அதாவது ஸ்டேஷன் வாசல் காவலிலேயே நின்று காலத்தை ஓட்டிவிடுவான்.

ஆவடி. 2022 ஜனவரி 1-ல் சென்னையைப் பிரித்து ஆவடி, தாம்பரம் என்று இரண்டு கமிஷனரேட் வந்தது. இப்போது தமிழ்நாட்டில் கமிஷனர் இருக்கும் ஊர் ஒன்பது: சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, திருப்பூர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024-ல் காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை எல்லாம் மாநகராட்சி ஆனதும், 'நம்ம ஊரும் சிட்டி போலீஸ் ஆயிருச்சு' என்று நினைத்த காவலர்களையே எனக்குத் தெரியும். நகராட்சிக் கட்டடத்தில் போர்டு மாறியது. ஸ்டேஷனுக்கு மேலே டி.எஸ்.பி., அவருக்கு மேலே எஸ்.பி. என்பது மாறவில்லை. ஒரு தகராறில் இரண்டு பக்கத்தையும் நன்னடத்தைப் பிணையில் வைக்க வேண்டுமென்றால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸுக்குத்தான் போக வேண்டும்.

பெரு நகரத்தில் வேலை பிரிந்து கிடக்கும். சட்டம் ஒழுங்குக்கு ஓர் இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஒருவர், டிராஃபிக்குக்கு ஒருவர். உன் வேலை உன்னோடு. நான் ஓ.டி.யில் போனபோது அண்ணா சாலையில் நாள்கணக்கில் நின்றிருக்கிறேன். ஒன்றரை வருடத்தில் தெருவில் ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனால் நான் யாரோ. பொய் சொல்ல மாட்டேன், அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருக்கிறது. சொந்த விருப்பத்தில் வேறு யூனிட்டுக்குப் போனால் சீனியாரிட்டியை விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும். அங்கே கடைசி ஆளாகச் சேர்வாய். ஏட்டு பிரமோஷன் லிஸ்ட் வரும்போதுதான் அது உறைக்கும். அம்மா இங்கே, நீ அங்கே. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தை வரிசையில் நிறுத்தி பஸ் ஏற்றிவிடுவாய், நீ ஏற மாட்டாய்.

இனி டவுன் ஸ்டேஷன். என் வாழ்க்கையில் பெரும்பகுதி போன இடம் என்பதால் கொஞ்சம் நீளும்.

ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் ஜனம் உள்ள ஊர். ஒரு பெரிய கோயில், ஒரு பஸ் ஸ்டாண்ட், ஒரு அரசு ஆஸ்பத்திரி, ஒரு கோர்ட் வளாகம். எல்லாம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள். காலையில் பஸ் ஸ்டாண்டில் நீ விரட்டிய பூ விற்கும் பெண், மத்தியானம் ஆஸ்பத்திரியில் பேரனோடு நிற்பாள், சாயங்காலம் கோயில் வாசலில் உன் அம்மாவுக்கு ஒரு முழம் கூட வைத்து அளந்து கொடுப்பாள். இந்த வேலையின் கூலியும் வாதையும் இதுதான்: எல்லாருக்கும் உன்னைத் தெரியும்.

வேலை கற்க இதைவிட நல்ல இடம் கிடையாது. திங்கள் கோர்ட் டூட்டி, செவ்வாய் பாஸ்போர்ட் விசாரணை, புதன் நைட் ரவுண்ட்ஸ், வியாழன் சம்மன் சார்பு செய்ய பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். ராத்திரி ஏ.டி.எம்., நகைக்கடை வாசல், ரயில்வே கேட் என்று ரோந்துக்கான பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனால், மூன்று மாதத்தில் ஊரின் ஒவ்வொரு நாயும் குரைக்காமல் உன்னை விடும். எந்தக் கடைக்காரர் ஷட்டரை எத்தனை மணிக்கு இறக்குவார் என்று தெரியும். அந்த நேரம் தவறினால் ஏதோ சரியில்லை என்று தெரியும். குற்றம் கண்டுபிடிப்பது என்பது முக்கால்வாசி இதுதான்.

2024 ஜூலை 1-லிருந்து புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்தபின் உன் வயதுப் பையன்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. சோதனை, கைப்பற்றுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். செல்போன் போதும் என்று சட்டமே சொல்கிறது. என் வயது ஏட்டையாக்கள் வீடியோ எடுத்தால் பாதி நேரம் அவர்கள் கட்டைவிரல்தான் தெரியும். ஆனால் ஒன்று, உனக்கு கம்ப்யூட்டர் நன்றாக வரும் என்று சேர்ந்த அன்றே வாய்தவறிச் சொல்லிவிடாதே. ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் உன்னைப் பிடித்து மானிட்டர் முன்னால் உட்கார வைத்தால், ரிட்டையர் ஆகும்வரை வெளி உலகம் பார்க்க மாட்டாய்.

வாதையைச் சொல்கிறேன். 1998, ஐப்பசி அடைமழை. ஊருணிப் படியில் ஒரு ஆள் விழுந்து கிடப்பதாகத் தகவல். ஏட்டையாவோடு போனேன். குப்புறக் கிடந்தவரைத் திருப்பினால், எங்கள் காக்கி டெய்லர். வழுக்கி விழுந்திருக்கிறார், பின்மண்டையில் அடி. கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே கிடந்தது. முந்தின வாரம்தான் அந்த டேப்பால் எனக்கு இரண்டு சட்டைக்கு அளவெடுத்திருந்தார். ஸ்டேஷன் கணக்கில் அது ஒரு 174, இயற்கைக்கு மாறான மரணம். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், விசாரணை எழுத வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும். ஏட்டையா என்னைப் பார்த்து, "உனக்கு வீடு தெரியும்ல, நீ போய்ச் சொல்லு" என்றார்.

கதவைத் தட்டினேன். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னும் காஜா எடுக்கலியே தம்பி, சாயங்காலம் வாங்களேன்" என்றார்.

சென்னையிலும் இப்படிச் செய்தி சொல்லப் போயிருக்கிறேன். அங்கே கதவைத் திறப்பவருக்குக் காக்கியைப் பார்த்ததுமே முகம் மாறும், பாதிச் செய்தி அதிலேயே போய்ச் சேர்ந்துவிடும். இங்கே நான் காக்கி இல்லை, சட்டை தைக்கக் கொடுத்த தம்பி. பதினாறு கழிந்து அந்த அம்மாவே காஜா எடுத்துச் சட்டைகளைக் கொடுத்தார். கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்தது 'தம்பி எந்த ஊரு?' என்கிற கேள்வி. டவுனுக்குப் போன முதல் வாரத்தில் குறைந்தது முப்பது பேர் கேட்பார்கள். ஊரைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் நீ என்ன ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் நீ எழுதும் ஒவ்வொரு சி.எஸ்.ஆரையும் ஒரு தரப்பு 'நம்ம பையன்' என்றும், மறு தரப்பு 'அவங்க ஆளு' என்றும் படிக்கும். தென்மாவட்டத்தில் செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன் என்று பந்தோபஸ்து போகும் நாட்களில் இது இன்னும் கூர்மையாகும். நான் பழகிக்கொண்ட வழி, மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த ஆளின் மனுவைக் கையில் வாங்கிவிடுவது. அழுத்தக்காரன் என்று பெயர் வரும். வரட்டும்.

சொந்தக்காரர் போன் இன்னொரு ரகம். சொந்த ஊர் எல்லைக்குள் போஸ்டிங் போடுவது வழக்கமில்லை என்றாலும் ஒரே மாவட்டம்தானே. ஹெல்மெட் போடாமல் பிடிபட்ட எவனும் உன் சித்தப்பாவின் சகலைக்குத் தெரிந்தவனாக இருப்பான். என் சொந்தத்தில் ஒருவர், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய மகனை நான் விடச் சொல்லவில்லை என்பதற்காக என் பெண் கல்யாணத்துக்கு வரவில்லை. மொய் மட்டும் கொடுத்தனுப்பினார்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இளம் காவலர்களுக்கு அது ஆபத்து மாதிரியே தெரியாது. டவுனில் ஒரு வருடம் சுறுசுறுப்பாக ஓடினால், 'தனிப்படைக்கு வர்றியா?' என்று கூப்பிடுவார்கள். காக்கி போட வேண்டாம், ஜீன்ஸ் போதும், பாரா கிடையாது, மேலதிகாரியோடு நேராகப் பேசலாம். ஆசையாகத்தான் இருக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். சின்ன ஊர், சின்ன ஸ்டேஷன். அதன் பெயர் நாடு முழுக்கப் போனது. 2025 ஜூனில் திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளி. நகை காணவில்லை என்ற புகார், விசாரித்தது தனிப்படை, கைதானவர்கள் காவலர்கள். இரண்டு வழக்கும் சி.பி.ஐ.க்குப் போயின. 'மேலே சொன்னாங்க, செஞ்சோம்' என்பது கோர்ட்டில் நிற்காது. சொன்னது யார் என்று எந்த டைரியிலும் இருக்காது, அடித்த காயம் ஒவ்வொன்றும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் இருக்கும். எழுத்தில் இல்லாத டூட்டிக்குப் போகாதே. தனிப்படைக்குக் கூப்பிட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

வார ஓய்வு பற்றியும் கேட்டாய். 2021-ல் அரசாணை வந்தது, காவலர் முதல் ஏட்டு வரை வாரம் ஒரு நாள். அது கிடைப்பதும் கிடைக்காததும் ஸ்டேஷனில் எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஏ.ஆர்.லும் பந்தோபஸ்து வந்தால் ஓய்வு பறிபோகும். ஆனால் அங்கே மொத்தப் பேருக்கும் போகும், மனசு ஆறும். ஸ்டேஷனில் உனக்கு மட்டும் போகும்.

பெண் காவலர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. அவர்களில் பலருக்கு டவுன்தான் ஒத்துவருகிறது. வீடும் பிள்ளையின் ஸ்கூலும் பக்கத்தில் இருக்கும். ஆனால் மகளிர் ஸ்டேஷன் லேசானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையிலிருந்து இரவு வரை அழுகைதான், நடுவில் போக்சோ வழக்குகள். இதைப் பெண்கள் யாராவது எழுதினால் சரியாக இருக்கும்.

இப்போது உன் விஷயம். நீ மூன்றில் எதைக் கேட்கப் போகிறாய் என்பது அந்தப் பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதில் இல்லை. நர்ஸுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு, ஆனால் சம்பளம் பாதியாகும். அதை அவளிடம் நீயே சொல்ல வேண்டும், அக்கா மூலமாகச் சொல்லாதே. உன்னை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நீ யாராவது முகம் சுளித்தால் ராத்திரி தூங்காதவன். டவுன் ஸ்டேஷனில் தினம் நாலு பேர் சுளிப்பார்கள். அதே நாலு பேரை மறுநாள் டீக்கடையில் பார்க்க வேண்டும். அது உனக்குப் பழகும், ஆனால் உடனே பழகாது. அதனால் என் கணக்கு இது: இந்த முறை எழுதிக் கொடுக்காதே. ஏ.ஆர்.லேயே இருந்து எஸ்.ஐ. தேர்வை ஒரு தடவை முழு மூச்சாக எழுது. கிடைத்தால் இந்தக் கேள்வியே இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்த தடவை ரோல் காலில் வாசிக்கும்போது டவுன் கேள். ஆவடியைக் கடைசியில் வை. சீனியாரிட்டியை இழந்து போவதென்றால் அது இருவரும் சேர்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும்.

இல்லை மாமா, எனக்கு இப்பவே டவுன்தான் வேணும் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாதா உடுப்பில் அந்த ஸ்டேஷனுக்குப் போய், யாருக்காகவோ காத்திருப்பவன் மாதிரி ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார். மனு கொண்டுவரும் கிழவியை உட்காரச் சொல்கிறார்களா என்று பார். லாக்கப் பக்கம் கேமரா லைட் எரிகிறதா பார். பாராவில் நிற்கும் பையனிடம் கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனாய் என்று கேள். சுவரில் ஸ்டேஷன் பலம் எழுதிய போர்டு இருக்கும். காவலர் என்ற வரியில் அனுமதிக்கப்பட்டது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று இரண்டு எண். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்குக் கீழே இருந்தால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடு.